கன்னிமூலையில் ஒரு கல்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்தவர்கள் வீட்டை விற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டும்போது ஊரே வந்து யோசனை சொல்லும். விற்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேச வேண்டும். என் கணவருக்குப் பிறவியிலேயே உரத்த குரல். விலை பேசிய நாட்களில் அவர் குரலைத் தணித்துத் தணித்துப் பேசியதைப் பார்த்து, அத்தனை வருடச் சண்டையையும் மறந்து எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

குழித்துறையிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம்தான் எங்கள் ஊர். தேவாலயத்துக்கு நாலு வீடு தள்ளி எங்கள் மாடி வீடு. வளைகுடாவில் அவர் வெயிலில் நின்று சம்பாதித்ததில் எழும்பிய வீடு. திரும்பி வந்தவர் சும்மா இருக்க முடியாமல் மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடை போட்டார். ஊரெல்லாம் டைல்ஸ் பதித்தது, எங்கள் கடையில் மட்டும் யாரும் வாங்கவில்லை. கடையை மூடினோம், வங்கிக் கடன் மூடவில்லை. வீட்டை விற்றுக் கடனை அடைத்து, மிஞ்சியதில் குழித்துறையில் ஆற்றுக்கு இறங்கும் சந்தில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுக்களை. மகள் கல்யாணமாகி பெங்களூருவில் இருக்கிறாள். இரண்டு பேருக்கு அது தாராளம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டை விற்றவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு பார்வை உண்டு. வாய் "அப்படியா" என்று இரக்கப்படும், கண் "நல்லா வேணும்" என்று சொல்லும். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். வளைகுடாக்காரன் பெண்டாட்டி என்ற மிதப்பு எனக்கும் இருந்தது.

வாங்கியவர் என் கணவரின் வளைகுடா நண்பர் ஒருவர் சொல்லி வந்தவர். கடலோர இனயத்துக்காரர், பஹ்ரைனில் விசைப்படகில் மீன்பிடி வேலை. நடுவில் புரோக்கர் இல்லாததால் விஷயம் ஊருக்குள் கசியவில்லை. யாருக்கும் தெரியாமல் போய்விடலாம் என்று நினைத்தோம். அதாவது, யோசிக்கவே இல்லை.

புதன்கிழமைதோறும் சபையில் வீடு மாற்றி வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். எங்கள் முறை வந்த அன்று, எதிர்வீட்டு அம்மாள் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சுவரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். ஆமென் சொன்ன மறு நிமிடம் கேட்டாள்.

"அதென்ன, ஷோகேஸ் ஒழிஞ்சு கெடக்கு? எங்கயும் போறியளா?"

என் கணவர் டீத் தட்டை வாங்கிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். "எங்க போறதுக்கு? வீட்ட இடிச்சிட்டு புதுசாட்டு கெட்டப் போறோம். அதுவர குழித்துறையில ஒரு வாடக வீடு பாத்துருக்கு."

"இதுக்கு என்ன கொற? நல்ல வீடுல்லா?"

"பழைய மாடலாக்கும்."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. வேறு எந்த ஊரிலாவது நன்றாக இருக்கிற வீட்டை இடிக்கிறேன் என்றால் பைத்தியமா என்று கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தில் நல்ல வீட்டை இடித்து அதைவிடப் பெரிதாகக் கட்டுவது சர்வசாதாரணம். போர்ட்டிகோவுக்குத் தூண் போதவில்லை என்று வீட்டை இடித்தவரை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் எங்கள்மேல் மதிப்புதான் கூடியது. போதகர் சிறு வயதுக்காரர், கள்ளமில்லாதவர். உடனே கண்ணை மூடி இன்னொரு தடவை ஜெபித்தார், வீட்டு வேலை தடையில்லாமல் நடக்க வேண்டுமென்று. நான் நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நோயாளிகள், தேர்வு எழுதும் பிள்ளைகள், கடலில் இருப்பவர்கள் வரிசையில் எங்கள் வீட்டு வேலையும் சேர்ந்துகொண்டது. கட்டாத வீட்டுக்காக ஒரு சபையே தலைகுனிந்து நிற்கும். புற்றுநோய் வந்த ஒரு பெண் முன்வரிசையில் இருப்பாள். அவளும் எங்கள் வீட்டுக்காக முணுமுணுப்பாள். அந்த நேரத்தில் என் காது கொதிக்கும். சபையை மாற்றிவிடலாம் என்று ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, சபைய விட்டா கல்லறைத் தோட்டத்துல எடம் போயிரும். இருக்கத்தான் வீடு இல்ல, கெடக்கவும் எடம் வேண்டாமா?" என்றார்.

இருக்க வீடு இல்லை என்று அவர் சொன்னது பொய்யாக வரவில்லை. குழித்துறை வீட்டை அவர் வீடாகவே கணக்கில் வைக்கவில்லை. நானும்தான். எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையின் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். சோபா ஹாலை அடைத்துக் கிடந்தது, பக்கவாட்டில்தான் நடக்க முடியும். பார்க்க வந்தவர்களிடம் "கொஞ்ச நாளுதானே" என்பேன். "வாடக வீடுல்லா, ஆணி அடிக்க விடமாட்டாவ" என்று அவர்களே படங்கள் மாட்டாததற்குக் காரணமும் சொல்லிவிடுவார்கள். ஆமாம் ஆமாம் என்பேன். சொந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஆராதனை முடிந்து ஆண்கள் வெளியே நின்று பேசும்போது அவரிடம் வீட்டுப் பிளானைப் பற்றிக் கேட்பார்கள். அவரும் சொல்லிச் சொல்லி, ஒரு தாளில் வரைய ஆரம்பித்துவிட்டார். மாடிப்படி எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். அடுக்களை ஜன்னலுக்குக் கீழே சிங்க் வர வேண்டும் என்றேன் நான். வராது, வெளிச்சம் போய்விடும் என்றார். வாக்குவாதம் முற்றி இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்தோம். இல்லாத அடுக்களைக்காகச் சண்டை போட்டுப் பட்டினி கிடந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிறகு வாங்கியவர்களிடமிருந்து தகவல் வந்தது. வீட்டை இடிக்கப் போகிறார்களாம். அவர்களுக்கு எங்கள் பிளான் பிடிக்கவில்லை. பழைய மாடலாம்.

கேட்டதும் என் கணவர் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியது. சொன்ன பொய்க்கு ஜேசிபி வந்து சாட்சி சொல்லப் போகிறது. எனக்கு வேறு கவலை. இடிக்கிற இடத்தில் வாங்கியவரின் மனைவி வந்து நிற்பாளே, யார் என்று கேட்டால் உண்மையைத்தானே சொல்வாள். போனில் சொல்லும்படியான விஷயம் இல்லை. பஸ் ஏறி இனயத்துக்கே போனேன்.

அவள் என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அடுக்களைக்கு அப்பால் ஒரு பாதிச் சுவர், அதற்கப்பால் கடல். "ஆடி மாசம் தண்ணி அடுப்பு வரைக்கும் வரும்க்கா. பிள்ளையள கட்டிலு மேல ஏத்தி இருத்திட்டு முழிச்சிருப்பேன். அதுக்காவத்தான் அவுரு உள்நாட்டுல எடம் வேணும்னு ஒத்தக் காலுல நின்னு வாங்கினாரு." நெய்மீன் பொரித்துச் சோறு போட்டாள். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் நான் கேட்டேன்.

"மக்கா, அங்க ஆராவது கேட்டா ஒனக்க வீடுண்ணு சொல்லாண்டாம். எங்களுக்காவ வேலைய மேல்நோட்டம் பாக்க வந்ததாட்டு சொல்லு. கொஞ்ச நாளைக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் மீன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "செரிக்கா. ஒரு வீட்ட வாங்குனா வித்தவங்க கண்ணீரு கூட வரப்பிடாதுண்ணு எங்க அம்மா சொல்லுவா. நீங்க சங்கடப்படாண்டாம்."

மானம் போய்விடக் கூடாதே என்று மானத்தை விட்டுக் கெஞ்சியாயிற்று. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். தினம் இனயத்திலிருந்து வந்து, தன் சொந்த மண்ணில் கூலிக்கு நிற்பவளாக நின்றாள். எதிர்வீட்டு அம்மாள் அவளை விரட்டுவாளாம். "மண்ணு பூரா ரோட்டுல கெடக்கு, ஒங்க மொதலாளியம்மாட்ட சொல்லு" என்பாளாம். அவள் அதை எனக்குப் போனில் சொல்லிச் சிரிப்பாள். "ஒங்களத்தான் மொதலாளியம்மாண்ணு சொல்லுதாவக்கா." நானும் சிரிப்பேன். போனை வைத்தபிறகு நெடுநேரம் அடுக்களையை விட்டு வெளியே வர மாட்டேன்.

அஸ்திவாரக் கல் போடும் நாளை எனக்குச் சொன்னாள். எங்கள் ஊர்ப்பக்கம் வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும், தென்மேற்கில், கன்னிமூலையில்தான் முதல் கல் போடுவார்கள். வாஸ்துவில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள், கல்லை மட்டும் வேறு மூலையில் போட மாட்டார்கள். வாங்கியவர்கள் கத்தோலிக்கர்கள்; அவர்கள் பங்குச் சாமியார் பத்து மணிக்கு வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதாக ஏற்பாடு. நீங்களும் வாருங்கள் என்றாள். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன்.

அன்று காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் தணிந்திருந்தது.

"அக்கா, ஒங்க சபை ஆளுக எல்லாம் வந்து நிக்காவ. போதகரும் உண்டு. பாட்டுப் புக்கெல்லாம் கொண்டு வந்திருக்காவ. நான் என்னண்ணு சொல்லட்டு?"

பந்தலும் நாற்காலியும் வந்து இறங்கியதை எதிர்வீட்டு அம்மாள் பார்த்திருக்கிறாள். அடக்கமாக, யாருக்கும் சொல்லாமல் கல் போடப் பார்க்கிறார்கள், விடுவோமா என்று சபையைத் திரட்டிவிட்டாள். "ஒண்ணும் சொல்லாண்டாம், நான் வருதேன்" என்றேன். என் கணவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "எனக்கு மேலுக்குச் செரியில்லண்ணு சொல்லு" என்றார். அடுத்த பொய்க்கும் என் வாய்தான் கிடைத்ததா என்று கத்திவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

வீடு நின்ற இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. எங்கள் படுக்கையறை எது, ஹால் எது என்று தெரியவில்லை. வானம் வெட்கமில்லாமல் எல்லா இடத்திலும் இறங்கியிருந்தது. ஒரு மூலையில் குழி. குழியைச் சுற்றி எங்கள் சபை. போதகர் சிரித்துக்கொண்டே எதிரில் வந்தார். "சொல்லாம விட்டுட்டீங்களேம்மா, நாங்களா வந்துட்டோம்." பெண்கள் கேக்கும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். பந்தல் காலோரமாக அவள் நின்றாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் போன். "மேல்நோட்டக்காரிக்குப் பட்டுச் சேலையப் பாத்தியளா" என்று எதிர்வீட்டு அம்மாள் என் காதில் கிசுகிசுத்தாள். இனயத்துக்காரியின் பிள்ளைகள் இரண்டு பேரும் குளித்துப் பவுடர் போட்டு நாற்காலியில் அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். அடங்கி இருக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

பாடினார்கள். போதகர் உருக்கமாக ஜெபித்தார். எங்கள் குடும்பத்தின் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிக்கச் சொன்னார். ஜெபம் முடிந்ததும் சாந்துக் கரண்டியை வாங்கி என் கையில் கொடுத்தார்.

நான் அவளைப் பார்த்தேன். போடுங்கள் என்று தலையசைத்தாள். என்னைப் பார்த்துத் தலையசைக்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் உறைத்தது. குனிந்தேன். கொத்தனார் கல்லை நீட்டினார். தொட்டு, குழியில் வைத்து, ஒரு கரண்டி சாந்து அள்ளிப் போட்டேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அப்போது அவள் கையிலிருந்த போன் பேசியது.

"ஏட்டி, அது ஆரு கல்லு போடுதது? நீ எங்க நிக்க?"

அவள் கணவன். பஹ்ரைனிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் அவசரமாகப் போனை நெஞ்சோடு சேர்த்து அமுக்கினாள். "ஒண்ணுமில்ல. நம்ம அக்காதான். நான் பெறவு போடுதேன்."

நெஞ்சோடு அமுக்கியும் அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது. "நம்ம வீட்டுக்கு மொதக் கல்லு அவங்க எதுக்குப் போடணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டான். எதிர்வீட்டு அம்மாள் போனைப் பார்த்தாள், பட்டுச் சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இனயத்துக்காரி இன்னும் எனக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இன்னொரு பொய்யை அவள் தன் புருஷனிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"அது அவங்க வீடுதான்" என்றேன். "நாங்க வித்தாச்சு. அண்ணைக்கே வித்தாச்சு."

போதகர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "பின்ன கெட்டுதோம் கெட்டுதோம்னு..." என்று ஆரம்பித்த ஒருத்தி முடிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் கேட்டாள். "அப்போ குழித்துறையில அந்த வாடக வீடு?"

"வாடக இல்ல. அது எங்க சொந்த வீடு."

"சொந்த வீட்டையா வாடகண்ணு சொன்னிய?"

வீட்டை விற்றது அவர்களுக்குப் புரிந்தது. யாருக்குத்தான் கடன் இல்லை. இருக்கிற வீட்டை இல்லையென்று சொன்னதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

கொத்தனாருக்கு அவர் கவலை. "இந்தக் கல்ல எடுக்கட்டா, கெடக்கட்டா?" என்றார். எடுத்துவிடுங்கள் என்று நான் குழிக்குள் கையை விடப் போனேன். கூட்டத்தில் யாரோ, போட்ட கல்லை எடுக்கக் கூடாது என்றார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த மண்ணில் முதல்முறையாக ஒரு முடிவை அவளிடம் கேட்டார்கள்.

"வேண்டாம்" என்றாள் அவள். "ஜெபம் பண்ணிப் போட்டதுல்லா. கெடக்கட்டு. நான் பக்கத்துல போடுதேன்."

கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையில் போன் இருந்தது. யாரிடமாவது கொடுக்க வேண்டும், பக்கத்தில் நான்தான் நின்றேன். என்னிடம் நீட்டினாள். "அவுருக்குத் தெரியும்படியா பிடிங்கக்கா."

பிடித்தேன். அவன் புதுச் சட்டை போட்டு, தலை சீவி, எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்திருந்தான். முகம் என் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், இரண்டு அடுக்குக் கட்டில்களில் உட்கார்ந்து, அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இதற்காக வேலைக்குப் போகாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். "கொஞ்சம் தாத்திப் பிடிங்க, கல்லு தெரியல்ல" என்றான் மரியாதையாக. தாழ்த்திப் பிடித்தேன். இதைவிடப் பெரிய வெட்கம் என் ஆயுளில் நான் பட்டதில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர்கள் சாமியார் வந்தார், மந்திரித்தார். எங்கள் போதகர் போகாமல் நின்று அவருக்குக் கை கொடுத்தார். கேக்கை அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் சபைப் பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள், பஸ் ஏற்றிவிட்டுப் போனாள்.

வீட்டில் சொன்னேன். என் கணவர், "அந்த மனுசன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். போனைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னான் என்றேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவரும் அத்தனை வருடம் அப்படி ஓர் அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து வீட்டைப் பற்றி நினைத்தவர்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு இருவரும் போனோம். ஜெபத்தில் எங்கள் வீடு வரவில்லை. அந்த வாரம் எதிர்வீட்டு அம்மாள் குழித்துறைக்கு வந்தாள். சோபாவைச் சுற்றி நடந்து, அறையை எட்டிப் பார்த்து, அடுக்களை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். "ரெண்டு பேருக்கு இது போரும்லா. ஆத்துக் காத்து வேற" என்றாள். பழைய நானாக இருந்தால் அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடியிருப்பேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்த வீடு எழும்பிவிட்டது. ஊருக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும், ஒவ்வொரு முறையும் நான் கைப்பைக்குள் எதையாவது தேடுவேன். அதன் கன்னிமூலையில், மண்ணுக்கடியில், நான் போட்ட கல் கிடக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கிடக்கும். போன வாரம் அவள் கூப்பிட்டாள். அவன் லீவில் வந்திருக்கிறானாம், குடிபுகுமுன் வீடு மந்திரிப்பு வைத்திருக்கிறார்களாம்.

"நீங்களும் அண்ணனும் கண்டிப்பா வரணும்க்கா. வராம இருக்கப்பிடாது."

வருகிறோம் என்றேன். அவள் போனை வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"இனயத்துல இருந்து எங்க ஆளுக பூரா வருவாவ. இவங்க ஆருண்ணு கேப்பாவ. நான் என்னண்ணு சொல்லட்டு?"

எனக்காக என்ன வேண்டுமானாலும் சொல்ல அவள் இப்போதும் தயாராக இருந்தாள். என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்ட வித்தவங்கண்ணு சொல்லு மக்கா" என்றேன்.